தாழியின் அட்டை

தாழி தரையில் இடித்தபோது பெரிய சத்தம் வரவில்லை. தேங்காய் உடைவதுபோல ஒரு சத்தம், அவ்வளவுதான்.

வாயிலிருந்து இடுப்பு வரை விரிசல் ஓடியிருந்தது.

தூக்கியவர்கள் மூன்று பேர். தச்சு வேலை பார்க்கும் ஹபீபுர் ரஹ்மான், கூட்டித் துடைக்கும் தேவானை, பதிவேடு எழுதும் பங்கஜம்.

நழுவியது பங்கஜத்தின் கை.

மயிலாப்பூரின் அந்தச் சிறிய அருங்காட்சியகத்தில் எதை நகர்த்துவதென்றாலும் இந்த மூவர்தான். ஆண்டு விழாவுக்காக முதுமக்கள் தாழியை முன்கூடத்துக்குக் கொண்டுவரச் சொன்னவர் செயலாளர் ஸ்ரீரங்கன். போன வருஷம் ஒரு மண்விளக்கை உடைத்தவரை அன்று மாலையே வேலையைவிட்டு அனுப்பியவர்.

பங்கஜம் படியில் உட்கார்ந்து அழுதாள்.

“இன்னாத்துக்கு அழுவுற? மூணு பேருந்தான தூக்கினோம், மூணு பேரும் வாய மூடிக்குவோம்” என்றாள் தேவானை. “இன்னா பாய், கம்முனு கீற?”

“வாயில ஆணி வச்சிக்கினு எங்கேர்ந்து பேசறது?” என்றார் அவர், பீடத்தில் பலகை அடித்தபடி.

அங்கே ஒவ்வொரு பொருளுக்கும் ஓர் அட்டை உண்டு. வெள்ளிக்கிழமை விடுமுறை. வியாழன்தோறும் மாலை பங்கஜம் எல்லாவற்றையும் சுற்றிப் பார்த்து அட்டைகளில் ‘நன்று’ என்று குறிப்பாள். விரிசல் பழசு என்று தாழியின் அட்டையில் இப்போது ஒரு வரி சேர்த்தால் போதும்.

“தேதிய நீயே பாத்துப் போட்டுக்க” என்று சொல்லிவிட்டுத் தேவானை துடைப்பத்தை எடுத்தாள்.

மறுநாள், புதன்கிழமை, ஸ்ரீரங்கன் அட்டையை இரண்டு முறை படித்தார்.

8.8.96, வியாழன் மாலை: நன்று. 10.8.96, சனி காலை: விரிசல் தென்பட்டது.

“நடுவுல வெள்ளிக்கிழமை. லீவு நாள்ல உள்ள வர்றது யாரு?”

வெள்ளிதோறும் கண்ணாடிப் பெட்டிகளைத் துடைக்கத் தேவானை ஒருத்திதான் வருவாள் என்பது அவருக்கே தெரியும்.

ஹபீபுர் ரஹ்மான் பங்கஜத்தைப் பார்த்தார். பங்கஜம் அட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

தேவானை இடுப்பிலிருந்து சாவியை எடுத்து மேஜைமேல் வைத்தாள். வாயைத் திறக்கவில்லை.

திங்கட்கிழமை என்றே எழுதியிருக்கலாம். அன்று இரண்டு பள்ளிகளிலிருந்து இருநூறு பிள்ளைகள் வந்து தாழியைத் தடவிப் பார்த்துவிட்டுப் போனார்கள். எந்தக் கை என்று யார் கண்டது?

ஆனால் திங்கட்கிழமைகளில் தாழி இருந்த கூடத்தைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு பங்கஜத்துடையது.