பயற்றிலையில் வெள்ளைக்கோடு

“மருந்து மட்டும் அடிக்கச் சொல்லாண்டாம், மோளே. வீட்டுக் கறிக்கு உள்ள பயறாக்கும்.”

கிளாரா இதைச் சொல்வது மூன்றாவது முறை. இனயத்தில் கடலுக்குச் சற்றுத் தள்ளி, வீட்டு முற்றத்து மணலில் செம்மண் கொட்டி அவள் போட்ட சின்னத் தோட்டம். பத்துப் பயற்றுக் கொடி, ஆறு தக்காளிச் செடி, அவ்வளவுதான். தோட்டக்கலை அலுவலகத்திலிருந்து வந்திருந்த நந்தனா ஒரு பயற்றிலையைத் தூக்கி வெயிலுக்குக் காட்டினாள். இலைக்குள் யாரோ சுண்ணாம்பால் கிறுக்கியதுபோல் வளைந்து வளைந்து ஒரு வெள்ளைக்கோடு ஓடியது.

இலைத்துளைப்பான் ஈயின் வேலை அது. கொசுவைவிடச் சின்ன ஈ. இலையைக் குத்தி உள்ளே முட்டை வைக்கும். பொரிந்த புழு இலையின் மேல்தோலுக்கும் கீழ்தோலுக்கும் நடுவில் பச்சையத்தைத் தின்றுகொண்டே நகரும். அது போன வழிதான் அந்தக் கோடு. புழு வளர வளரக் கோடும் அகலமாகும். முற்றியதும் இலையைக் கீறி வெளியே வந்து, மண்ணில் விழுந்து கூட்டுப்புழுவாகிவிடும். பத்து நாளில் மறுபடியும் ஈ. பயறு, தக்காளி, வெள்ளரி, ஆமணக்கு என்று எந்த இலையானாலும் அதற்குச் சம்மதம்.

நந்தனா சொன்னதையெல்லாம் கிளாராவைவிடக் கவனமாகக் கேட்டது அவள் கணவர் சிலுவைதாசன்தான். முப்பது வருடம் கடலில் வலை இழுத்தவர். இப்போது காலையில் வெளுத்ததுமே மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு முற்றத்தில் இறங்கி, இலை இலையாகப் பார்ப்பார். கோட்டின் அகன்ற முனையில் புழு இருக்கும் இடத்தைப் பெருவிரலால் நசுக்குவார். மஞ்சள் அட்டையில் பசை தடவிக் கட்டி, ஒட்டிய ஈக்களை எண்ணிச் சொல்வார்.

பறித்த இலையைச் செடிக்குக் கீழே போடக் கூடாது என்று நந்தனா முதல் நாளே எச்சரித்திருந்தாள். முற்றின புழு, பறித்த இலையிலிருந்தும் தப்பித்து மண்ணுக்குள் இறங்கிவிடும். சிலுவைதாசன் ஓர் இலை விடாமல் எரித்தார். ஆனாலும் நான்கு மாதமாக ஈ ஓயவில்லை. சுற்றிலும் மணலும் தென்னையும்தான். அக்கம்பக்கத்தில் ஒரு கீரைப்பாத்திகூடக் கிடையாது. பிறகு எங்கிருந்து வருகிறது? நந்தனாவுக்குப் பிடிபடவே இல்லை.

ஒரு வியாழக்கிழமை, கருங்கல் போகும் சாலையில் அது பிடிபட்டது. ஸ்கூட்டரில் போய்க்கொண்டிருந்தவள், தரிசு நிலத்தில் நின்ற ஆமணக்குச் செடிகளுக்கு நடுவில் கிளாராவைப் பார்த்தாள். ஒவ்வோர் இலையையும் வெயிலில் பிடித்துப் பார்த்து, அகலமான கோடு உள்ளதை மட்டும் பறித்துப் பைக்குள் வைத்துக்கொண்டிருந்தாள் அவள்.

நந்தனா பக்கத்தில் போய் நின்றதும் கிளாரா பையை முந்தானையால் மூடினாள். பிறகு மறைப்பதில் பயனில்லை என்று தெரிந்து தலையைக் குனிந்துகொண்டாள்.

“ஜெனோ போன வள்ளம் திரும்பி வரல்ல. அதுக்குப் பொறவு அவரு சுவரைப் பாத்தே கெடந்தாரு மோளே, எட்டு மாசம். பேச்சும் இல்ல. இந்தப் பூச்சி தானா வந்த அன்னைக்குத்தான் என்னன்னு பாக்க எழும்பினாரு. பூச்சி தீந்தா, திரும்பவும் கெடந்துருவாரு.”

ஒரே மகன் ஜெனோ. வாராவாரம் இலைகளைக் கொண்டுபோய், அவர் குளிக்கப் போகும் நேரத்தில் கொடிக்கு அடியில் சருகைத் தள்ளி ஒளித்துவைப்பாளாம். அவரிடம் சொல்லிவிடக் கூடாது என்று நந்தனாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். நந்தனா சொல்ல மாட்டேன் என்று தலையசைத்தாள்.

அடுத்த முறை நந்தனா வந்தபோது கிளாரா தேநீர் போட அடுக்களைக்குள் போனாள். முற்றத்தில் சிலுவைதாசன் வழக்கம்போல் கொடிக்கு முன்னால் குந்தியிருந்தார். மனது உறுத்த, இந்த ஈ இன்னும் கொஞ்ச காலம் இருக்கும், வருத்தப்பட வேண்டாம் என்று பொதுவாகச் சொல்லி வைத்தாள் நந்தனா.

அவர் திரும்பி அடுக்களை வாசலைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

“சருகுக்கு அடியில ஆமணக்கு இலை கெடக்கதை நான் எப்பவோ கண்டாச்சு. அவகிட்ட ஒண்ணும் கேக்காண்டாம்.”

நந்தனா திகைத்துப்போனாள். தெரிந்துமா தினமும் இப்படிக் குனிந்து கிடக்கிறீர்கள் என்று கேட்டாள்.

“நானா எழும்பினது ஒரு வாரம்தான் மோளே, அதோட மடுத்து வெறுத்துப்போச்சு. ஆனா மோன் போன பொறவு கோயிலுக்குக்கூட இந்தப் படி தாண்டாதவ, அந்த வாரத்து வியாழக்கிழம மொதமொதலா பையைத் தூக்கிட்டு பஸ் ஏறப் போனா. அவ இனியும் வெளிய போட்டும்னுதான் நான் புழு பிடிக்கேன்.”