ஒடிந்த வெண்டைக்காய்

இந்தக் கதையை எனக்குச் சொன்னது சங்கரன்கோவில் சந்தையில் எலுமிச்சம்பழம் விற்கும் ஷரீபா பீவி. நடந்தபோது நான் அங்கே இல்லை. கேட்டதை அப்படியே எழுதுகிறேன்.

பக்கத்துக் கடை தங்கத்தாயுடையது. கரிவலம்வந்தநல்லூரில் தன் வயலில் பறித்த வெண்டைக்காயைக் காலை பஸ்ஸில் கொண்டுவருவாள். ஊர் திரும்பும் பத்தரை பஸ்ஸுக்குள் விற்றுத் தீர்க்க வேண்டும். நுனி ஒடிந்த காய் மிஞ்சினால் குப்பைக்குத்தான். ஒடித்துப் பார்த்தவர்களே அதை வாங்க மாட்டார்கள்.

"பாவம், ஒடிஞ்சதை நானே எடுத்துக்கிடுதேன்" என்று ஒருமுறை யாரோ சொன்னதற்கு, "பாவம் பாக்கிறவங்க கோயில் வாசலுக்குப் போங்க. நான் காய் விக்கேன்" என்று விரட்டியவள் அவள்.

அன்றைக்கு அவள் கண்ணில் பட்டது, தினமும் காய் வாங்க வரும் மூக்காண்டி. கையில் ஒடிந்த காய்.

"அண்ணாச்சி! இன்னைக்கும் ஆரம்பிச்சாச்சா?"

"இளசான்னு பார்த்தேன் தாயி."

"ஒடிச்சதை எல்லாம் நீங்கதான் எடுக்கணும்."

"எடுக்காம? எனக்கு இருக்க சுகருக்கு இதுதான் மருந்து. நார்ச்சத்து கெடக்கு. வயித்துக்கு நல்லது. அந்தக் கொழகொழப்பு மூட்டுக்கும் நல்லதுன்னு சொல்லுதாங்க."

"மூளைக்கு?" என்றாள் ஷரீபா பீவி.

"தின்னா கணக்கு நல்லா வரும்லா!"

"அப்ப கணக்குப் பண்ணிச் சொல்லுங்க, இதுவரைக்கும் எத்தனை காய் ஒடிச்சிருக்கிய?"

சந்தையே சிரித்தது. தங்கத்தாய் சிரிக்கவில்லை.

"ஒடிஞ்சதைப் பாத்துட்டு வர்றவங்க எல்லாம் பழைய காயிங்காங்க. நாளையிலருந்து இந்தப் பக்கம் வராதிய அண்ணாச்சி."

மூக்காண்டி பையை விரித்தார். ஒடிந்ததைப் பொறுக்கி, முக்கால் கிலோ வாங்கிக்கொண்டு போனார்.

மறுநாள் அவர் வரவில்லை. தங்கத்தாய்க்கு நிம்மதி. பத்து மணிக்குக் கூடையைப் பார்த்தாள். அடியில் ஒடிந்த காய், முக்கால் கிலோவுக்குக் குறையாது.

"ஏட்டி தங்கம், ஒடிக்கவரு வரல. ஒடிஞ்சது எப்படிட்டி வந்துச்சு?" என்றாள் ஷரீபா பீவி.

அடுத்த நாள் தங்கத்தாய் வருகிறவர்களின் முகத்தைப் பார்க்கவில்லை, கையைப் பார்த்தாள். போனில் பேசிக்கொண்டே சுமதி டீச்சர், டக். பேங்க்காரர், டக், டக். எல்லோரும் அவள் வாய் நிறைய "எடுங்க, எடுங்க" என்று சிரித்து வரவேற்கிறவர்கள்.

நாலாம் நாள் எதிர் டீக்கடையில் மூக்காண்டி நின்றிருந்தார்.

"அண்ணாச்சி, இங்கன வாங்க!"

பயந்துகொண்டே வந்தார்.

"ஒடிங்க."

"என்ன தாயி?"

"காயைத்தான். உங்க இஷ்டத்துக்கு ஒடிச்சுப் பாருங்க. உங்களை யாரு கேக்கப் போறா?"

மூக்காண்டி கூடையைப் பார்த்தார். ஏற்கெனவே ஒடிந்து கிடந்ததை ஒவ்வொன்றாகப் பொறுக்கிப் பையில் போட்டார்.

"மன்னிச்சுக்கோ தாயி. நாளையிலருந்து கொறைச்சு ஒடிக்கேன்."

தங்கத்தாய் தராசை எடுத்தாள். நிறுத்துப் போட்டுவிட்டு, மேலே கைநிறையப் பிஞ்சுக் காயைக் கொசுறாக வைத்தாள்.

"இது ஒடியாதது. சுகருக்கு நல்லது, சாப்பிடுங்க."

எழுதுவதற்கு முன் இரண்டு விஷயங்களை விசாரித்தேன். வெண்டைக்காயில் நார்ச்சத்து இருப்பது உண்மைதான். இன்னொன்றை மூக்காண்டியின் மனைவி சுந்தரம்மாளிடம் கேட்டேன். மூக்காண்டிக்குச் சுகரே கிடையாது. இத்தனை நாளும் அந்த வெண்டைக்காயைத் தின்றது அவர்கள் வீட்டு வெள்ளாடு.