நான்காவது பெயர்

"மேடம், இவர் பேரையுமா அடிக்கிறீங்க?" என்று கேட்டார் உதவியாளர்.

வெளியுறவுத் துறை இயக்குநர் அம்மாள் நிமிரவே இல்லை.

மதத்தின் பெயரால் பக்கத்து நாட்டில் சிறையில் கிடப்பவர்களை விடுவிக்கக் கோரும் ஆண்டறிக்கை அது. பதினொரு பெயர்கள். மூன்றை ஏற்கெனவே சிவப்புப் பென்சிலால் அடித்திருந்தார். நான்காவது, ஒரு தையல்காரர்.

"வீட்டுல பத்துப் பேரைக் கூட்டிப் பிரார்த்தனை பண்ணினதுக்கு ஆறு வருஷமா உள்ள இருக்கார் மேடம். இங்க தப்பிச்சு வந்த அவர் சம்சாரம் மாசம் தவறாம என்கிட்ட வந்து மனு கொடுக்கறாங்க."

"தெரியும். ஃபைலை எடுத்துட்டுப் போங்க."

உதவியாளர் ஃபைலை வெடுக்கென்று எடுத்துக்கொண்டு தன் இடத்துக்கு வந்தார்.

"அடுத்த வாரம் நம்ம அமைச்சர் அங்க வியாபாரம் பேசப் போறார்ல? அதான்," என்றார் பக்கத்து மேஜைக்காரர். "பாலுக்கும் காவல், பூனைக்கும் தோழன்."

அன்று மாலை அச்சகத்துக்குப் பிழை திருத்தப் போன உதவியாளர், தையல்காரர் பெயரை மட்டும் திரும்பச் சேர்த்துவிட்டார். நாலையும் சேர்த்தால் மாட்டிக்கொள்வோம், ஒருத்தரையாவது காப்பாற்றுவோமே என்று நினைப்பு. மனசுக்கு நிம்மதியாக இருந்தது.

அறிக்கை வெளியானது. எட்டுப் பெயர்களும் எல்லாச் செய்தியிலும் வந்தன.

பத்து நாள் கழித்து இயக்குநர் கூப்பிட்டார். "கிளம்புங்க, ஏர்போர்ட் போகணும்."

அமைச்சருக்குப் பின்னால் மூன்று பேர் விமானத்திலிருந்து இறங்கினார்கள், எலும்பும் தோலுமாக. சிவப்புப் பென்சிலால் அடித்த முதல் மூன்று பேர்.

உதவியாளர் விழித்தார்.

"பேர் அச்சுல வந்துட்டா அந்த கவர்மெண்டுக்கு அது மானப் பிரச்சினை. விடவே மாட்டாங்க," என்றார் இயக்குநர். "அதனால ரகசியமா பேசி, விடறோம்னு அவங்க ஒத்துக்கிட்ட பேரை மட்டும்தான் நான் அடிப்பேன். வெளிய சொல்ல முடியாது."

அவர் குரல் கம்மியது.

"நாலு பேரை விடறதா இருந்தாங்க. அறிக்கையைப் பார்த்துட்டு, தையல்காரரை மட்டும் விட மாட்டோம்னுட்டாங்க. அவர் பேர் எப்படி உள்ள வந்துச்சுன்னுதான் எனக்கு இன்னும் புரியலை."

உதவியாளர் உண்மையைச் சொல்லிவிடலாம் என்று வாயைத் திறக்கும்போது, விடுதலைச் செய்தி கேட்டு வந்து, கையில் புதுச் சட்டையோடு ஓரமாக நின்றிருந்த தையல்காரரின் மனைவி அவரிடம் வந்தார்.

"அவர் வரலைன்னு சொல்லிட்டாங்க, தம்பி."

கண்ணைத் துடைத்துக்கொண்டு உதவியாளரின் கையைப் பிடித்தார்.

"இருந்தாலும் நீங்க அவரை மறக்காம அறிக்கையில பேர் போட்டீங்களே. நீங்க நல்லா இருக்கணும்."