வளையாத கழுத்து

“எனக்குச் சம்மதமில்லை. உயிரே போனாலும்…”

குசினியில் அரிசி களைந்த கையோடு திரேசம்மா அப்படியே நின்றாள். முன்னறையில் உட்கார்ந்து சப்பாத்துக்குப் பொலிஷ் போட்டுக்கொண்டிருந்த மனுஷனைக் கட்டி முப்பத்தைந்து வருஷம் ஆகிறது. சம்மதமில்லை என்று சொல்ல இப்போதுதான் வேளை வந்திருக்கிறது.

“இந்தக் கழுத்து இந்த மாலைக்கு வளையாது,” என்று எடுத்துக் கொடுத்தார் பஸ்தியாம்பிள்ளை. சப்பாத்திலிருந்து தலையைக்கூட நிமிர்த்தவில்லை.

“எனக்குத் தெரியும். நீங்க ஒங்க வேலையப் பாருங்க.”

‘மாலை மறுத்தாள்’ நாடகத்தைத் தெரியாத ஆள் ரத்தோட்டைப் பக்கம் கிடையாது. மாதா கோயில் திருநாளுக்கு வருஷா வருஷம் போட்ட நாடகம் அது. கடைசிக் காட்சியில் பாதர் சம்மதமா என்று கேட்பார். கல்யாணப் பெண் இந்த வசனத்தைச் சொல்லி, மாலையைக் கழற்றி வீசிவிட்டுப் போக வேண்டும். கைதட்டல் கூரையைப் பிய்க்கும்.

திரேசம்மா நடித்த வருஷம் மட்டும் பிய்க்கவில்லை. அன்றைக்குப் பார்த்து வசனம் சுத்தமாக மறந்துபோனது. வாயில் வந்தது ஒரே சொல், “சம்மதம்.”

அதோடு போயிருந்தாலும் பரவாயில்லை. பாதர் வேஷத்துக்கு ஆள் அகப்படாமல் பங்குப் பாதரே தன் சொந்த அங்கியோடு மேடை ஏறியிருந்தார். பாதர் கேட்டார், பிள்ளை சம்மதம் என்றது, இதற்கு மேல் என்ன வேண்டும் என்று ஊர் பேசியது. மனசில் கிடந்ததுதான் வாயில் வந்திருக்கிறது என்று அப்பாவும் நம்பிவிட்டார். அடுத்த ஞாயிறே கோயிலில் கல்யாண ஓலை வாசித்தார்கள்.

மாப்பிள்ளை வேஷம் போட்டவர் பஸ்தியாம்பிள்ளை. அவரிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. அவர்தான் மேடையிலேயே சம்மதம் சொல்லிவிட்டாரே.

இப்போது அந்த நாடகத்தைப் படமாக எடுக்கிறார்கள். எடுப்பவன் நாடகம் எழுதிய மாஸ்டரின் பேரன் டிலக்ஷன். படத்தில் கதாநாயகிக்கு வயதாகிவிட்டது. மாலையைக் கழற்றி வீசிய நாளை நினைத்து நினைத்துப் புழுங்குகிறாள். அந்த நினைப்பில் கல்யாணக் காட்சி மறுபடி வரும். முகங்கள் மட்டும் கிழட்டு முகங்கள். அதற்குப் பழைய ஜோடிதான் வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றான்.

நாடகத்துக்காரி மறுத்துவிட்டுப் புழுங்கினாள். திரேசம்மா மறுக்காமல் புழுங்கினாள். மாத்தளைச் சந்தையில் கத்தரிக்காய் விற்கிறவன்கூட, “கிலோ இந்த வெல, சம்மதமா அக்கா?” என்றுதான் கேட்பான். இந்த ஒரு வசனத்தை ஒழுங்காகச் சொல்லிவிட்டால் போதும், பிறகு கண்ணை மூடினாலும் கவலையில்லை என்று இருந்தாள்.

“நீங்க ஒங்க வசனத்த ஒரு தடவ சொல்லிப் பாக்கலியா?” என்றாள் புருஷனிடம்.

“எனக்கு ஒரே வசனம்தானே புள்ள. அது எப்பவோ மனப்பாடம்.”

ரிவர்ஸ்டன் போகிற பாதையில் இருந்த பழைய கோயிலில்தான் ஷூட்டிங். மலையிலிருந்து மூடுபனி அதுபாட்டுக்கு உள்ளே வந்துகொண்டிருந்தது. போதாதென்று புகை மெஷினும் போட்டிருந்தார்கள். வேடிக்கை பார்க்க ஊரே வந்துவிட்டது. கத்தரிக்காய்க்காரன் முன்வரிசை வாங்குப் பலகையில் உட்கார்ந்து இருமிக்கொண்டிருந்தான்.

“மொதல்ல பாதர் மாப்பிள்ளைகிட்ட கேப்பாரு. அங்கிள், நீங்க சம்மதம்னு மட்டும் சொன்னா போதும்,” என்றான் டிலக்ஷன். “பொறவு ஆன்ட்டிகிட்ட கேப்பாரு. ஆன்ட்டி, மறக்க மாட்டீங்கதானே?”

“செத்தாலும் மறக்க மாட்டேன் தம்பி.”

இரண்டு பேர் கழுத்திலும் மாலை ஏறியது. திரேசம்மா ஓரக்கண்ணால் புருஷனைப் பார்த்தாள். கல்யாணத்துக்குத் தைத்த அதே கோட்டு. இப்போது தோளில் தொளதொளவென்று தொங்கியது. சப்பாத்து மட்டும் பளபளத்தது.

போன மழைக்காலம் அவள் மாத்தளை ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, விராந்தையில் பேப்பர் விரித்துப் படுத்துக் கிடந்த மனுஷன். ஒரு நாளாவது அவளை அதட்டிப் பேசியதில்லை. கத்தரிக்காய்க்காரன் கேலி பண்ணும்போதும் பையைப் பிடித்துக்கொண்டு பேசாமல்தான் நிற்பார். பாவமாக இருந்தது. இத்தனை பேருக்கு முன்னால், நாளைக்குப் படம் பார்க்கப் போகிற ஊர் உலகத்துக்கு முன்னால், இவரை வேண்டாம் என்று எப்படிச் சொல்வது?

வசனம் நாக்கு நுனியில் பத்திரமாக இருந்தது. அதை விழுங்கிவிடுவது என்று அந்த நிமிஷமே தீர்மானித்தாள். மறந்துபோச்சு என்று சொல்லிக்கொள்ளலாம், ஊருக்கு அது புதிதா என்ன. இவ்வளவு காலம் புழுங்கியதெல்லாம் வீண் என்று தோன்றியது. கண் கலங்கிவிட்டது.

“எக்ஷன்,” என்றான் டிலக்ஷன்.

பாதர் வேஷக்காரர் மாப்பிள்ளைப் பக்கம் திரும்பினார். “இந்தப் பெண்ணை உன் மனைவியாக ஏற்றுக்கொள்ளச் சம்மதமா?”

பஸ்தியாம்பிள்ளை தொண்டையைச் செருமிக்கொண்டார். தைரியமாகச் சொல்லட்டும் என்று திரேசம்மா அவரைப் பார்த்து ஒரு சிரிப்புச் சிரித்தாள்.

“எனக்குச் சம்மதமில்லை,” என்றார் அவர், ஓர் எழுத்துப் பிசகாமல். “உயிரே போனாலும் இந்தக் கழுத்து இந்த மாலைக்கு வளையாது.”