கடலில் இறந்ததாக எழுதப்பட்டவள்

எங்கள் பண்ணை வீட்டுச் சமையலறை மேசையில், அமெரிக்காவின் டகோடாவிலிருந்து வந்திருக்கும் மார்லிஸ் தன் குடும்ப பைபிளைத் திறந்து வைக்கிறாள். எதிரே என் கணவர் சீவர்ட். வெளியே கிடக்கும் பனியின் வெளிச்சம் ஜன்னல் வழியே பழுப்பேறிய தாளின் மேல் விழுகிறது. 1882-ல் இந்தப் பண்ணையை விட்டு அமெரிக்காவுக்குக் கப்பலேறியவர்களின் பெயர்கள் அதில் வரிசையாக இருக்கின்றன. கடைசி வரியில் அவள் விரல் நிற்கிறது. ‘குன்ஹில்ட், நான்கு வயது, கடலில் இறந்தாள்.’ மார்லிஸின் கொள்ளுப்பாட்டி தன் மகளைப் பற்றித் தன் கையாலேயே எழுதியது. சீவர்ட் தொண்டையைச் செருமிக்கொள்கிறார். “குன்ஹில்ட் பாட்டி கப்பல்லயே ஏறலம்மா. கால் ஊனம். அமெரிக்காவுல இறங்க விடமாட்டாங்கன்னு பெத்தவங்க பயந்து, குழந்தைய அதோட சித்தப்பாகிட்ட இங்கயே விட்டுட்டுப் போயிட்டாங்க. என் சின்ன வயசுல இதே அடுப்புப் பக்கம்தான் உக்காந்து கம்பளி பின்னுவாங்க. எழுபத்திமூணு வயசு வரைக்கும் இருந்தாங்க.”

அடுப்பில் விறகு வெடிக்கிறது. நான் ஊற்றிய காபி ஆறிக்கொண்டிருக்கிறது. “அவங்களுக்கு எங்க வீட்டுலேர்ந்து கடிதம் ஏதாவது வந்துச்சா?” என்கிறாள் மார்லிஸ். “ஒண்ணுகூட வரல. தபால் வண்டி மேட்டுல ஏறுற சத்தம் கேட்டா, பின்னுறத நிறுத்திடுவாங்க.” மார்லிஸ் அந்த வரியை மறுபடி விரலால் தொடுகிறாள். “பெத்த பொண்ணைச் செத்துட்டான்னு எப்படி எழுத முடிஞ்சுது?” சீவர்ட் பைபிளைத் தன் பக்கம் திருப்பி அந்த வரியைப் படிக்கிறார். “விட்டுட்டு வந்தேன்னு எழுத மனசு வந்திருக்காது.” மார்லிஸ் எழுந்து கோட்டை மாட்டிக்கொள்கிறாள். “கல்லறை எங்க இருக்கு?” “சர்ச்சுக்குப் பின்னால. முழங்கால் அளவு பனி கிடக்கு, நாளைக்குப் போகலாமே.” “இல்ல, இப்பவே போறேன். எங்க வீட்டுலேர்ந்து இதுவரைக்கும் யாருமே அவங்களப் பாக்க வரலியே.”