நாலு மைக்ரான்

“நாலு மைக்ரான் எங்கேம்மா போச்சு? காத்துல கரைஞ்சு போச்சா?”

தரம் பார்க்கும் க்யூ.சி. போட்ட சத்தத்தில் பக்கத்து மெஷின்காரர்களும் திரும்பிப் பார்த்தார்கள். வேலைக்குச் சேர்ந்து நாலு நாள்கூட ஆகவில்லை, அதற்குள் இந்த மிடுக்கு.

பால் பைக்கான பிளாஸ்டிக் பிலிம் ஐம்பது மைக்ரான் கனம் இருக்க வேண்டும். அவர் கையிலிருந்த, திருகி அளக்கும் மைக்ரோமீட்டர் நாற்பத்தாறு என்றது.

ஆபரேட்டர் பன்னிரண்டு வருஷமாக அந்த மெஷினில் நிற்பவள். “கோவப்படாம இன்னொரு தரம் அளந்து பாருங்க சார்.”

“எனக்கே பாடமா?” அவர் திருகை இன்னும் இறுக்கினார். “பாருங்க, நாப்பத்தஞ்சு! இன்னும் குறையுது!”

மேனேஜர் வந்துவிட்டார். “யார் தப்பு?”

அவள் க்யூ.சி.யின் கையை ஒரு கணம் பார்த்தாள். “என் தப்புதான் சார். கவனிக்காம விட்டுட்டேன்.”

“அடுத்த மாசம் உங்களை சூப்பர்வைசர் ஆக்கலாம்னு இருந்தேன். இனிமே அந்தப் பேச்சே கிடையாது.”

க்யூ.சி.க்குத் தலைகால் புரியாத சந்தோஷம். ரிப்போர்ட் எழுத உட்கார்ந்தவர், நிதானமாக மறுபடி அளந்தார். இந்தத் தடவை இறுக்கவில்லை. முனையிலிருந்த சின்னக் குமிழைத் திருகி, அளவாகப் பிடித்து ‘டிக்’ என்றதும் விட்டுவிட்டார்.

ஐம்பது.

பத்து இடத்தில் அளந்தார். பத்திலும் ஐம்பது. மெத்தென்ற பிலிமை இவ்வளவு நேரம் தானே நசுக்கியிருக்கிறோம் என்று புரிந்ததும் அவமானத்தில் கூனிக் குறுகிப் போனார்.

அவளிடம் ஓடினார். “அக்கா, தப்பு என்னோடது. உங்களுக்கு அப்பவே தெரியும், இல்ல? வாங்க, மேனேஜர்கிட்ட சொல்லிடறேன்.”

“வேணாம் சார். இன்னிக்கே உங்களை வீட்டுக்கு அனுப்பிடுவார்.”

“அனுப்பட்டும். எனக்காக நீங்க ஏன் பழியை ஏத்துக்கணும்?”

அவள் நிமிராமலே பேசினாள். “நானும் இங்க அளக்கிற வேலைக்குத்தான் வந்தேன். இதே மாதிரி இறுக்கி அளந்துட்டு, இந்த மெஷின்ல நின்னவரைத் திட்டினேன். அவருக்கு வேலையே போச்சு. மறுநாளே என் தப்பு தெரிஞ்சுது.”

“போய்ச் சொன்னீங்களா?”

“இல்ல சார். கூடுதல் சம்பளத்துல அவர் இடத்துக்கு ஆள் வேணும்னாங்க. நான்தான் முதல்ல கையைத் தூக்கினேன்.”