இரண்டு கண்ணாடிப் பெட்டிகள்

சோடியம் பேட்டரிக்காக மூன்று வருடம் அரைத்துச் சுட்டு நான் செய்த கறுப்புத் தூளுக்குக் காற்று ஆகாது. ஈரம் பட்டால் செத்துவிடும். ஆர்கான் வாயு நிரப்பிய கண்ணாடிப் பெட்டிக்குள்தான் வைத்திருந்தேன். கை நுழைத்து வேலை செய்ய அதில் பொருத்திய ரப்பர் கையுறைகள் இரண்டும் வாயு அழுத்தத்தில் எப்போதும் என்னை நோக்கி நீண்டே நிற்கும். அமைச்சர் வந்த அன்று என் பிஎச்.டி. கைடு, "தூளை வெளிய எடும்மா. அவர் கையில வாங்கிப் பார்க்கணும், போட்டோ இருக்கு" என்றார்.

"வீணாப்போயிடும்னு உங்களுக்கே தெரியுமே சார்."

"எடுன்னா எடு."

கொட்டாங்கச்சிக் கரியைப் பொடித்து ஒரு குப்பியில் போட்டுக் கொடுத்தேன். அமைச்சர் முகர்ந்துகூடப் பார்த்தார். விருது வந்தது. அந்தக் குப்பி இப்போது இயக்குநர் அறையில், ஏசிக் குளிரில், கைடு பெயரோடு கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கிறது.

போன வாரம் கைடிடம் ஆர்கான் சிலிண்டர் கேட்டுப் போனேன். "அதான் சாதிச்சாச்சே, இன்னும் எதுக்கு கேஸ்?" என்றார்.

"சார், அது வெறும் கரி."

எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்து, "தெரியும்" என்றார்.

இன்று காலை கையுறைகள் இரண்டும் தொங்கிப்போயிருந்தன.